கிப்லாவும் கைக்கருவியும்

தெரியாத ஊரில் வழி காட்டும் கருவி அல்லாஹ் நமக்கு அளித்துள்ள நிஃமத்துகளில் ஒன்றாகும். அதைப் பயன்படுத்துவதை மார்க்கம் தடுக்கவில்லை. திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் பூமியின் அடையாளங்களையும் வானத்து நட்சத்திரங்களையும் வழியறியும் சாதனங்களாகவே கூறுகிறது. ஆனால், சாதனம் இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொள்ளலாமா? நடந்த சம்பவம் ஒன்றைப் பார்ப்போம்.

1995 ஜூன் 9-ம் தேதி 'ராயல் மெஜஸ்டி' என்ற பயணிகள் கப்பல் 1,509 பேருடன் பெர்முடாவிலிருந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் புறப்பட்டது. புறப்பட்ட ஒரு மணி நேரத்திற்குள், செயற்கைக்கோள் மூலம் இடமறியும் ஜி.பி.எஸ். கருவியின் ஆண்டெனாக் கம்பி கழன்றுவிட்டது. அதன் பிறகு அக்கருவி, கப்பலின் வேகத்தையும் திசையையும் மட்டும் வைத்துக் கணக்கிட்ட இடத்தையே காட்டி வந்தது. காற்றும் நீரோட்டமும் கப்பலை ஒதுக்கியது அதற்குத் தெரியாது. திரையில் சிறு எழுத்தில் தெரிந்த அறிவிப்பை எவரும் கவனிக்கவில்லை.

அருகிலேயே 'லோரான்' என்ற மற்றொரு கருவி சரியாக வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டிருந்தால் போதும், ஒப்பிடவில்லை. வழியில் தெரிய வேண்டிய மிதவை தெரியவில்லை. ஆயினும் கண்டதாகவே தலைவருக்குச் சொல்லப்பட்டது. காவலாள்கள் எதிரே நீரின் நிறம் மாறியிருப்பதாகக் கூறியும் பயனில்லை. 34 மணி நேரத்திற்குப் பின், ஜூன் 10 இரவு, பாதையிலிருந்து சுமார் 17 மைல் விலகி நாண்டக்கெட் தீவுக்கு அருகே மணல் திட்டில் கப்பல் தட்டி நின்றது. உயிர்ச் சேதம் ஏற்படவில்லை.

கருவி கெட்டது ஒரு மணி நேரத்தில். மனிதர்கள் கேளாமலிருந்ததோ 34 மணி நேரம்! செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்று குர்ஆன் எச்சரிப்பதை இங்கே நினைவு கூர்வோமாக.

இப்போது நம் தொழுகைக்கு வருவோம். பிரயாணத்தில் பலர் கைபேசியைத் திருப்பிப் பார்த்து, அம்புக்குறி காட்டும் பக்கம் தக்பீர் கட்டிவிடுகின்றனர். நாம் இருக்கும் இடத்தை அதற்குச் சொல்வது செயற்கைக்கோள். திசையைச் சொல்வதோ உள்ளேயிருக்கும் காந்த உணரி. இரும்பு பீரோ, வாகனம், காந்தம் வைத்த கைபேசி உறை ஆகியவற்றின் அருகில் அது பிசகலாம். இடம் சரியாயிருந்தும் திசை தவறிவிடும்.

எனவே கவனிக்க வேண்டியவை:

1. ஊரில் பள்ளிவாசல் இருந்தால் அதன் மிஹ்ராபைப் பார்க்க வேண்டும். இல்லையேல் இடமறிந்த நம்பகமான முஸ்லிமிடம் கேட்க வேண்டும். கேட்க ஆளிருக்க, தானாக ஊகித்து நிற்பது கூடாது.

2. எவருமில்லையெனில் சூரியன், நட்சத்திரம், கருவி ஆகியவற்றைக் கொண்டு முயன்று தீர்மானிக்க வேண்டும். இதுவே 'தஹர்ரீ'. சென்னையில் கிப்லா நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 18 பாகை சாய்ந்தது. அஸ்தமன வேளையில் அம்புக்குறி கிழக்கைக் காட்டினால் நம்ப வேண்டியது சூரியனைத்தான்!

3. இவ்வாறு முயன்று தொழுத பின் தவறென்று தெரிந்தால், ஹனஃபீ மத்ஹபில் மீண்டும் தொழ வேண்டியதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் தவறு உறுதியானால் மீண்டும் தொழ வேண்டும். முயலாமலே நின்று தொழுது திசை தவறியிருந்தால் இரு மத்ஹபிலும் மீட்டுத் தொழுவது கடமை.

4. வீட்டின் கிப்லாவைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. ஆண்டுதோறும் மே 27 அல்லது 28-ல் இந்திய நேரம் பிற்பகல் 2.48-க்கும், ஜூலை 15 அல்லது 16-ல் 2.57-க்கும் சூரியன் கஃபாவின் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது நேராக நட்ட கம்பின் நிழலுக்கு எதிர்ப்பக்கமே கிப்லா. ஒருமுறை அடையாளமிட்டால் என்றைக்கும் போதும்.

கருவியை வைத்துக்கொள்வோம், அத்துடன் இன்னொரு சாட்சியையும் கேட்போம். அல்லாஹ் நம் முகங்களையும் உள்ளங்களையும் நேரான திசையில் நிலைநிறுத்துவானாக! ஆமீன்.