ஆஃபர் போர்டும் அலமாரியும்: அல் ஐனில் உடை பற்றிய ஏழு நம்பிக்கைகள்

ஜூலையில் ஊருக்குக் கிளம்பும் முன்பு ஒரு முறை, தீபாவளிக்கு முன்பு ஒரு முறை என்று வருடத்துக்கு இரண்டு தடவை அல் ஐன் தமிழ் வீடுகளில் அலமாரி நிரம்பி வழிகிறது. ஆனாலும் சனிக்கிழமை மாலை ஒரு பிறந்தநாள் விருந்துக்குக் கிளம்பும்போது, "போட்டுக்க ஒண்ணுமே இல்லை" என்ற பேச்சு வராத வீடு குறைவு. வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாவற்றையும் திர்ஹம் திர்ஹமாகக் கணக்குப் பார்க்கும் நாம் துணிச் செலவை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. இருபதும் முப்பதுமாகப் போவதால் அது போவதே தெரிவதில்லை. ஃபேஷனைத் துரத்தாமல், குறைந்த செலவில், பல வருடம் கை கொடுக்கும் உடைகளைச் சேர்க்க முடியும். அதற்குக் குறுக்கே நிற்கும் சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: ஆஃபரில் வாங்கினால் பணம் மிச்சம்

உண்மை: போடாத துணிக்குக் கொடுத்தது எவ்வளவு குறைந்த விலையாக இருந்தாலும் நஷ்டம்தான்.

துபாய் ஷாப்பிங் ஃபெஸ்டிவல் 1996-ல் தொடங்கியது. இன்று ரமலான், பெருநாள், தீபாவளி, பள்ளித் திறப்பு, தேசிய தினம் என்று ஏதாவது ஒரு காரணத்தில் தள்ளுபடி வந்துகொண்டே இருக்கிறது. இதிலிருந்து வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: அவசரப்படத் தேவையே இல்லை. இன்று விட்டுப்போன ஆஃபர் வேறொரு பெயரில் திரும்ப வரும்.

துணியின் விலையை அதைப் போடும் தடவைகளால் வகுத்துப் பாருங்கள். 40 திர்ஹத்துக்கு வாங்கிய சட்டை நாலு துவைப்பில் காலர் சுருண்டு மூலைக்குப் போனால், ஒரு தடவை போட 10 திர்ஹம் ஆகிறது. 120 திர்ஹம் கொடுத்த சட்டையை வாரம் ஒரு முறை வீதம் இரண்டு வருடம் போட்டால், ஒரு தடவைக்கு 1 திர்ஹம் 15 ஃபில்ஸ். எலன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2000-க்கும் 2015-க்கும் இடையில் உலகின் ஆடை உற்பத்தி ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதே காலத்தில் ஒரு துணியைப் போடும் தடவைகள் 36 சதவீதம் குறைந்தன. வாங்குவது கூடியது, உடுத்துவது குறைந்தது. நம் வீட்டு அலமாரியிலும் நடந்திருப்பது இதுவே.

நம்பிக்கை 2: விலை கூடினால் தரமும் கூடும்

உண்மை: விலையில் கடை வாடகையும் விளம்பரமும் சேர்ந்திருக்கின்றன. தரத்தைத் துணியில்தான் பார்க்க வேண்டும்.

மாலில் பெரிய பெயர் போட்டுத் தொங்கும் டி-ஷர்ட்டின் உள்பட்டையைப் புரட்டினால் இந்தியாவில் தயாரானது என்று எழுதியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதிக்குத் தலைநகரம் திருப்பூர். பல நாட்டு பிராண்டுகளுக்கு அங்கே தைக்கிறார்கள். இந்தியாவும் அமீரகமும் செய்துகொண்ட பொருளாதார ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், இந்திய ஆடைகளுக்கு இங்கே இருந்த 5 சதவீத இறக்குமதி வரியும் நீங்கியது. ஆகவே பெயர் தெரியாத கடையில் நல்ல துணியும், பெயர் பெற்ற கடையில் சாதாரணத் துணியும் கிடைக்கலாம்.

சோதித்துப் பார்ப்பது எளிது. துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நெசவு திட்டுத்திட்டாகத் தெரிந்தால் சீக்கிரம் நைந்துவிடும். உட்புறத்தைத் திருப்பித் தையலை இரு கையாலும் மெல்ல இழுங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் தையல் தளர்வு. கோடு போட்ட சட்டையில் பையின் கோடும் உடம்பின் கோடும் நேராக இணைந்திருந்தால், வெட்டியவர் அக்கறையோடு வெட்டியிருக்கிறார். உள்ளே மடித்து விட்டிருக்கும் துணி எவ்வளவு என்றும் பாருங்கள். பின்னால் பிரித்துத் தைக்க அதுதான் உதவும்.

நம்பிக்கை 3: வெயில் ஊரில் வெள்ளையும் மெல்லிய துணியும்தான் சரி

உண்மை: நிறத்தைவிட, துணி உடம்போடு ஒட்டாமல் காற்றோட்டமாக இருப்பது முக்கியம்.

சூட்டைக் கூடுதலாக உறிஞ்சும் கறுப்பு அங்கியை பாலைவனத்துப் பெடோயின் மக்கள் ஏன் அணிகிறார்கள் என்பதை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1980-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. நெகேவ் பாலைவன வெயிலில் கறுப்பு அங்கியோடும் வெள்ளை அங்கியோடும் ஒருவரை நிறுத்தி அளந்தார்கள். கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிகச் சூட்டை வாங்கியது. ஆனால் அந்த உபரிச் சூடு தோலை அடைவதற்கு முன்பே, அங்கிக்கும் உடம்புக்கும் நடுவே ஓடும் காற்றோடு வெளியேறிவிட்டது. தோலுக்கு வந்து சேர்ந்த சூடு இரண்டிலும் ஒன்றுதான்.

அல் ஐன் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர். துபாய், அபுதாபியைப் போலக் கடலோரப் புழுக்கம் இல்லாமல் இங்கே வறண்ட வெயில் அடிக்கிறது. வறண்ட காற்றில் வியர்வை சீக்கிரம் உலரும், உலரும்போது உடம்பு குளிரும். இறுக்கிப் பிடிக்கும் ஜீன்ஸும் உடம்போடு ஒட்டும் டி-ஷர்ட்டும் இந்த வசதியைக் கெடுக்கின்றன. மெல்லிய வெள்ளை டி-ஷர்ட்டைவிட, நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணி புற ஊதாக் கதிர்களையும் கூடுதலாகத் தடுக்கும்.

இழையையும் கவனிக்க வேண்டும். சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை ஏற்கும், லினன் சுமார் 12 சதவீதம். பாலியஸ்டர் ஏற்பது அரை சதவீதத்துக்கும் குறைவு. அதற்காக பாலியஸ்டரை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். அமீரகத்து ஆண்களின் நீண்ட அங்கியான கந்தூராவுக்கு இங்கே பெயர்பெற்ற ஜப்பானியத் துணிகளில் பல பாலியஸ்டர்தான். நூல் நூற்ற விதமும் தளர்வான வெட்டும் சேர்ந்து அதை உடுத்த ஏற்றதாக்குகின்றன. உடம்பை ஒட்டிய உடைக்குப் பருத்தி, தளர்ந்த மேலுடைக்குக் கலப்பு என்று பிரித்துக்கொண்டால் செலவும் கட்டுக்குள் இருக்கும்.

நம்பிக்கை 4: பாலைவனத்தில் ஸ்வெட்டருக்கு வேலை இல்லை

உண்மை: நல்ல ஸ்வெட்டர் ஒன்று போதும், ஆனால் அந்த ஒன்று கட்டாயம் வேண்டும்.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் அல் ஐன் நன்றாகவே குளிரும். சுமார் 1,240 மீட்டர் உயரமுள்ள ஜெபல் ஹபீத் உச்சியில் காற்றும் சேர்ந்தால் குழந்தைகள் நடுங்கிவிடுவார்கள். கோடையில் ஆபீஸ், பஸ், சினிமா தியேட்டர் எங்கும் ஏசி குளிர். அதனால் எல்லா உடைக்கும் சேரும் நிறத்தில் ஒரு மெல்லிய கார்டிகனோ ஸ்வெட்டரோ வருடம் முழுக்கப் பயன்படும். ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் புது ஜாக்கெட் வாங்குவது வீண்.

நம்பிக்கை 5: காலத்துக்கும் நிற்கும் உடை என்றால் கறுப்பு, வெள்ளை மேற்கத்திய உடைதான்

உண்மை: நிலைத்த உடை எது என்பதை அவரவர் ஊரும் வேலையும் உடம்பும் தீர்மானிக்கின்றன.

குறைந்த உடைகளை ஒன்றோடொன்று சேர்த்து உடுத்தும் 'கேப்ஸ்யூல்' முறையை 1970-களில் லண்டனில் கடை வைத்திருந்த சூசி ஃபோ பரப்பினார். 1985-ல் நியூயார்க்கின் டோனா கரன் ஏழு உடைகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டுப் புகழ்பெற்றார். அவை லண்டன், நியூயார்க் அலுவலகப் பெண்களின் நாளை மனதில் வைத்துப் பிறந்தவை. அந்தப் பட்டியலை அப்படியே எடுத்தால், அல் ஐனில் டிரெஞ்ச் கோட் பெட்டியிலேயே கிடக்கும்.

நல்ல முன்மாதிரி இங்கே தெருவிலேயே இருக்கிறது. அமீரகத்து ஆண்கள் உடுத்தும் கந்தூராவுக்குக் காலர் இல்லை, கழுத்தில் ஒரு குஞ்சம், அளவெடுத்துத் தைத்தது. கோடையில் வெள்ளை, குளிர் வந்தால் பழுப்பு, சாம்பல் நிறங்களில் கனமான துணி. மாணவரும் அதிகாரியும் தாத்தாவும் ஒரே வடிவத்தைத்தான் உடுத்துகிறார்கள். துணியின் தரத்திலும் தையலின் நேர்த்தியிலும் கஞ்சிபோட்ட மடிப்பிலும்தான் அழகு தெரிகிறது.

நம்மிடமும் இதற்கு இணையானவை உண்டு. ஆறு கஜச் சேலை உடம்பு கூடினாலும் குறைந்தாலும் பொருந்தும். ரவிக்கையில் உள்தையல் விட்டிருந்தால் அதையும் பிரித்துக்கொள்ளலாம். மதுரைச் சுங்குடியும், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கியும் துவைக்கத் துவைக்க மென்மையாகும் பருத்திச் சேலைகள். 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் ஊருக்குப் போகும்போது இரண்டு சேலை, ஒரு வேட்டி எடுத்தால் பல தீபாவளிக்கு வரும். ஆண்களுக்கு ஐந்து சட்டை, மூன்று பேன்ட், ஒரு வேட்டி, ஒரு நல்ல செருப்பு என்று தொடங்கலாம். லேபர் கேம்பில் ஒரே லாக்கரில் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் தம்பிகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கம்பெனி யூனிஃபார்ம் போக மிஞ்சும் விடுமுறை நாளுக்கு நல்லதாக நாலு உடை தாராளம்.

நம்பிக்கை 6: வெளிநாட்டிலிருந்து போகிறவர் புதுசாகத்தான் போய் இறங்க வேண்டும்

உண்மை: இந்தச் சுமையைச் சுமப்பது நம் சேமிப்பு. இதைக் குறைப்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இதை மனதார எழுதுகிறேன். வளைகுடாவில் உழைக்கிறவர் பழைய சட்டையோடு ஊரில் இறங்கினால், "அங்கே என்ன கஷ்டமோ" என்று அம்மா கலங்குவார் என்ற பயம் நியாயமானது. அத்தை, சித்தப்பா, மச்சான் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் ஒரு துணி எடுக்கும் அன்பும் நியாயமானது. ஆனால் அளவு தெரியாமல், பிடித்த நிறம் தெரியாமல் வாங்கி, பெட்டி எடையோடு போராடிக் கொண்டுபோகும் டி-ஷர்ட் திருப்பூரிலேயே தைத்ததாக இருக்கலாம். அது கடல் கடந்து வந்து, நம் பணத்தில் மறுபடி கடல் கடந்து போகிறது.

அதைவிட, அங்கே போய் அவர்களோடு கடைக்குப் போங்கள். அவர்கள் விரும்பியதை அவர்கள் ஊர் நெசவாளரிடம் வாங்கிக் கொடுங்கள். பணமும் ஊரில் நிற்கும், துணியும் உடுத்தப்படும். நீங்கள் இறங்கும்போது போட்டிருப்பது துவைத்து இஸ்திரி போட்ட, அளவாகப் பொருந்தும் சட்டையாக இருந்தால், அம்மா கண்ணுக்கு நீங்கள் நன்றாகத்தான் இருப்பீர்கள்.

நம்பிக்கை 7: துணி சீக்கிரம் கெடுவது துணியின் குற்றம்

உண்மை: பாதிக் கெடுதல் வாஷிங் மெஷினிலும் வெயிலிலும் நடக்கிறது.

கோடையில் இங்கே மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் பகலெல்லாம் காய்ந்து, குளிர்ந்த குழாயிலும் சுடச்சுட வருகிறது. மெஷினில் 'கோல்ட் வாஷ்' வைத்தாலும் துணி வெந்நீரில்தான் துவைபடுகிறது. சாயம் இறங்குவதும் பருத்தி சுருங்குவதும் அதனால்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தண்ணீர் ஓரளவு ஆறியிருக்கும் விடியற்காலையில் மெஷினைப் போடுங்கள். கையால் துவைப்பவர்கள் கோடையில் ஹீட்டரை அணைத்துவிட்டு, அதில் தேங்கி ஆறிய நீரைச் சுடுநீர்க் குழாயில் பிடித்துக்கொள்ளலாம். பலர் குளிக்கச் செய்வது துணிக்கும் உதவும்.

துணியை உள்பக்கம் வெளியே திருப்பித் துவையுங்கள். டிரையர் வலையில் சேரும் பஞ்சு முழுக்க உங்கள் துணியிலிருந்து உதிர்ந்த இழைதான். காற்று இவ்வளவு வறண்டிருக்கும் ஊரில் டிரையர் பெரும்பாலும் தேவையில்லை; அறைக்குள் ஒரு ஸ்டாண்டில் போட்டால் இரவுக்குள் காய்ந்துவிடும். கடும் வெயில் நிறத்தை வெளுக்கும், எலாஸ்டிக்கைத் தளர்த்தும். பால்கனியில் வெளியே தெரியும்படி துணி தொங்கவிடுவதை நகராட்சியும் அனுமதிப்பதில்லை. பொத்தான் விழுந்தாலோ இடுப்பு தளர்ந்தாலோ பக்கத்துத் தெரு டெய்லரிடம் ஆல்டரேஷனுக்குக் கொடுங்கள். புதியது வாங்குவதைவிட அது மிகவும் மலிவு.

எங்கிருந்து தொடங்குவது?

கடைக்குப் போகும் முன் ஒரு விடுமுறை நாளில் அலமாரியைக் காலி செய்யுங்கள். கடந்த ஒரு வருடத்தில் போட்டவை ஒரு பக்கம், போடாதவை ஒரு பக்கம். போட்டவற்றில் எந்த நிறம், எந்தத் துணி, எந்த வெட்டு திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். உங்கள் பாணி அதுதான். வெளியிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போடாதவற்றில் நல்லவை தெருக்களில் வைத்திருக்கும் ரெட் கிரசண்ட் பெட்டிக்குப் போகட்டும். பிறகு, வீட்டில் இருக்கும் மூன்று உடைகளோடாவது சேராத எதையும் வாங்குவதில்லை என்றும், பிடித்ததை ஒரு மாதம் கழித்தே வாங்குவது என்றும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுங்கள். மாதம் 150 திர்ஹம் துணியில் மிஞ்சினால் வருடத்துக்கு 1,800 திர்ஹம். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் சம்பாதித்த பணம் அது. பிள்ளைகள் படிப்புக்கோ, ஊரில் எழும்பும் வீட்டுக்கோ அது போய்ச் சேரட்டும்.