பழைய டிராக்டரில் மேனிஃபோல்டு ஸ்டட் மாற்றுகிறீர்களா?

கீரனூர் பக்கம் பழைய மாசே பெர்குசன் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் தெரியும்: சைலன்சருக்கு முன்னாலேயே 'புஸ் புஸ்'. கேஸ்கெட் ஓரம் கரி படிந்திருந்தால் ஸ்டட் தளர்ந்திருக்கும், அல்லது மரை போயிருக்கும்.

இஞ்சின் ஆறியதும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். ஸ்டடில் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, அடி நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்புங்கள். வரவில்லையா? மல்லுக்கட்ட வேண்டாம். முறிந்தால், மிச்சத் துண்டில் நட்டை வெல்டிங் வைத்து எடுப்பதே பட்டறைக்காரர் வழி.

பலர் சறுக்குவது இங்கேதான். சில இஞ்சின்களில் ஸ்டட் துளை தண்ணீர் ஓடும் அறைக்குள் திறக்கும். அதனால் ஸ்டடைக் கழற்றும் முன்பே ரேடியேட்டர், பிளாக் இரண்டிலும் தண்ணீரை இறக்கிவிடுங்கள். துளை மரையை டேப் விட்டுச் சுத்தம் செய்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடையுங்கள். பிசுக்கு இருந்தால் சீலன்ட் பிடிக்காது. ஹெட்டுக்குள் போகும் மரையில் மட்டும் சூடு தாங்கும் சீலன்ட் தடவுங்கள். வெளி மரைக்குக் கிராஃபைட் கிரீஸ், பித்தளை நட். சீலன்ட் காயும் முன் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பழைய வண்டிகளில் பெரும்பாலும் இஞ்ச் மரைதான். ஹெட் பக்கம் ஒரு மரை, நட் பக்கம் வேறு மரை இருக்கலாம். கடைக்குப் போகும்போது பழைய ஸ்டடைக் கையோடு கொண்டுபோங்கள்.

கேஸ்கெட் புதிதாகவே போடுங்கள். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நட்டுகளை இறுக்கி, ஒரு தடவை சூடேறி ஆறியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.