அரசு நுகர்வின் பங்கு: யாங்கோனின் இளம் புள்ளியியலாளருக்கு



மியன்மாரின் பழைய தேசிய வருமான அட்டவணைகளைப் புரட்டுகிறவர் ஓரிடத்தில் கட்டாயம் தடுமாறுவார். நுகர்வு என்று ஒரே வரிதான் இருக்கும். குடும்பங்கள் வாங்கிய அரிசியும் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளமும் அதற்குள்ளேயே கலந்து கிடக்கும். உலக வங்கியும் பல காலம், அரசு நுகர்வு தனியாகக் கிடைக்கவில்லை, தனியார் நுகர்வோடு சேர்ந்திருக்கிறது என்று அடிக்குறிப்புப் போட்டே இந்த நாட்டைக் கடந்துபோனது. ஜிடிபியில் அரசு நுகர்வின் பங்கு என்ற, வேறு நாட்டுக்காரர் நொடியில் எடுக்கும் விகிதத்தை இங்கே தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

முதலில், எது உள்ளே, எது வெளியே? ஐ.நா.வின் தேசியக் கணக்கு முறைப்படி ஊழியர் சம்பளம், மருந்து, எழுதுபொருள், மின்கட்டணம், கட்டடத் தேய்மானம் ஆகியவை அரசு நுகர்வு. ஓய்வூதியமும் கடன் வட்டியும் அதில் சேரா. பாலம் கட்டினால் அது முதலீடு. ஆயுதத்தின் இடமோ மாறியிருக்கிறது: 1993-ஆம் ஆண்டு முறையில் டாங்கி வாங்கியது நடப்புச் செலவு, 2008-ஆம் ஆண்டு முறையில் அதுவே முதலீடு. ராணுவம் இவ்வளவு பெரிதாக இருக்கும் நாட்டில், எந்த ஆண்டின் முறை என்று சொல்லாத விகிதம் பாதி விகிதம்தான்.

பட்ஜெட் மொத்தத்தை ஜிடிபியால் வகுத்துவிடும் பழக்கம் புதியவர்களிடம் உண்டு. மியன்மாரில் அது பெருந்தவறு. அரசுத் தொழில் நிறுவனங்களின் வரவுசெலவு நெடுங்காலம் பட்ஜெட்டுக்குள்ளேயே இருந்தது; அந்தத் தொழில் செலவு அரசு நுகர்வு அல்ல.

அரசின் பிடி வேறு, அரசு நுகர்வு வேறு; வரலாறும் இதையே சொல்கிறது. 1963 பிப்ரவரியில் நெ வின்னின் ராணுவ அரசு வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. அடுத்த ஆண்டு ரங்கூன் (இன்றைய யாங்கோன்) கடைகளின் முறை வந்தது. தமிழர் பலர் கடையையும் கணக்குப் புத்தகத்தையும் விட்டுவிட்டுக் கப்பலேறினர். சந்தையே அரசின் கைக்குள் போனது. ஆனால் அரசுக் கடையில் காசு கொடுத்து ஒரு குடும்பம் வாங்கிய எண்ணெய், கணக்கில் அந்தக் குடும்பத்தின் நுகர்வுதான். சந்தைப் பொருளாதார நாடான ஸ்வீடனிலோ பள்ளியையும் மருத்துவமனையையும் அரசே நடத்துவதால் விகிதம் ஜிடிபியில் கால் பங்கைத் தொடுகிறது. இந்தியாவில் அது 10, 11 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. ஆக, அரசின் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதை இந்த எண்ணிடம் கேட்கக் கூடாது.

அரசின் சேவைக்குச் சந்தை விலை கிடையாது. அதற்கு ஆன செலவே அதன் மதிப்பு. 2006-இல் மியன்மார் அரசு ஊழியர் சம்பளம் ஒரேயடியாகப் பல மடங்கு உயர்ந்தது. அதனால் வகுப்பறையில் பிள்ளைகள் கூடவில்லை, மருத்துவமனையில் கட்டில்கள் கூடவில்லை. அரசு நுகர்வு மட்டும் ஏட்டில் எகிறியது. அத்தகைய ஆண்டில் நடப்பு விலைக் கணக்கோடு, சம்பள உயர்வைக் கழித்த நிலை விலைக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். சேவையின் அளவையே நேரடியாக அளக்கும் வழிகளைப் பற்றி பிரிட்டனில் பொருளாதார அறிஞர் ஆட்கின்சன் தலைமையிலான குழு 2005-இல் விரிவாக எழுதியது. படிக்க வேண்டிய அறிக்கை.

அடுத்து, நாணய மாற்று விகிதம். 2012 ஏப்ரல் வரை அரசு விகிதம் ஒரு டாலருக்குச் சுமார் 6 கியாட். வெளிச்சந்தையில் அது நூற்றுக்கணக்கில் ஓடியது. 2012 ஏப்ரல் தொடக்கத்தில் மத்திய வங்கி அறிவித்த விகிதம் 818. அரசு ஆயிரம் டாலருக்கு மருந்து வாங்கியதாக வைத்துக்கொண்டால் பழைய ஏட்டில் அது 6,000 கியாட். புதிய ஏட்டில் 8,18,000. அரசு நுகர்வு விகிதத்தின் மேல் எண் மட்டுமல்ல, எரிவாயு ஏற்றுமதி வழியாகக் கீழ் எண்ணும் இப்படிக் கோணியது. 2012-க்கு முன்னும் பின்னும் ஒரே கோடாக வரைபடம் இழுப்பவரை நம்பாதே.

நிதியாண்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஏப்ரலில் தொடங்கியது 2018-இல் அக்டோபருக்குப் போனது. 2022-இல் மறுபடி ஏப்ரலுக்கே வந்தது. இரண்டு முறையும் நடுவில் ஓர் அரையாண்டு தனி பட்ஜெட். அந்த ஆறு மாதத்தை முழு ஆண்டு ஜிடிபியால் வகுத்தால் அரசு திடீரென்று பாதியாய்ச் சுருங்கியதுபோலத் தெரியும்.

இவையெல்லாம் பழங்கதை இல்லை. 2022 ஆகஸ்டில் மத்திய வங்கி டாலருக்கு 2,100 கியாட் என்று விகிதம் வைத்த பிறகு, வெளிச்சந்தை அதைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. எனவே இப்போதைய ஆண்டுகளுக்கு அரசு விகிதத்தில் ஒன்றும் சந்தை விகிதத்தில் ஒன்றுமாக இரண்டு பத்திகள் போடு. எந்தக் கணக்கு முறை, எந்த நிதியாண்டு, தொழில் நிறுவனங்கள் உள்ளேயா வெளியேயா என்ற விவரங்கள் அட்டவணையின் தலைப்பிலேயே இருக்கட்டும். அடிக்குறிப்பைப் பெரும்பாலோர் படிப்பதில்லை.