இணைப்பு ஏன் அறுந்தது?

“பாட்டி, நான் பேசுவது கேட்கிறதா?” என்று மூன்றாவது முறையாகக் கேட்டாள் கயல்விழி. ஈப்போவில் வசிக்கும் பாட்டியின் முகம் திரையில் அசையாமல் நின்றது. அடுத்த கணம் அழைப்பு துண்டிக்கப்பட்டது. அந்த வாரத்தில் இப்படி நடப்பது நான்காவது முறை.

“எல்லாம் உன்னால்தான்! எப்போது பார்த்தாலும் இணைய விளையாட்டு!” என்று தம்பி முகிலனிடம் சீறினாள்.

“இன்று நான் கணினியைத் தொடவே இல்லை, அக்கா,” என்றான் அவன், கண் கலங்க.

அப்பா குறுக்கிட்டார். “பழி சொல்வதற்கு முன் சான்றைத் தேடு, கயல். அவ்வப்போது வந்துபோகும் கோளாறு, நாம் தேடும்போது மறைந்துவிடும். அதனால், அது வரும் நேரத்தைக் குறித்து வை.”

கயல்விழி ஐந்து நாள் குறிப்பெடுத்தாள். இணைப்பு எத்தனை மணிக்கு அறுந்தது, எந்த அறையில், எந்தக் கருவியில், அப்போது வீட்டில் வேறென்ன இயங்கியது என்று எழுதினாள்.

அடுத்து ஒரு சோதனை செய்தாள். மடிக்கணினியைக் கம்பிவடத்தின் மூலம் நேரடியாகத் திசைவியுடன் இணைத்தாள். அதிலும் இணைப்பு அறுந்தால், கோளாறு திசைவியிலோ வெளியிலிருந்து வரும் இணைப்பிலோ இருக்கலாம். அப்போது சேவை நிறுவனத்தை அழைக்க வேண்டும். ஆனால், திறன்பேசியில் இணைப்பு அறுந்த அதே நேரத்தில் மடிக்கணினியில் அது சீராக இருந்தது. ஆகவே, கோளாறு கம்பியில்லா இணைப்பில்தான் என்பது தெளிவாயிற்று.

குறிப்பேட்டில் ஆறு பதிவுகள் இருந்தன. அவற்றுள் ஐந்து, அம்மா நுண்ணலை அடுப்பில் உணவைச் சூடாக்கிய நேரங்கள். திசைவியோ சமையலறைச் சுவரை ஒட்டி, மீன்தொட்டிக்குப் பின்னால் இருந்தது.

நுண்ணலை அடுப்பு ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. திசைவி பயன்படுத்தும் இரண்டு அலைவரிசைகளுள் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். அடுப்பிலிருந்து கசியும் மிகச் சிறிதளவு அலையே அருகிலுள்ள திசைவியின் சமிக்ஞையைக் குழப்பப் போதுமானது. தொட்டியிலுள்ள நீரும் சமிக்ஞையை ஈர்த்து வலுவிழக்கச் செய்யும்.

முதலில், திசைவியை வரவேற்பறையில் உயரமான இடத்திற்கு மாற்றினார்கள். கண்ணாடி இழை வடம் மடங்கிவிடாமல் அப்பா பார்த்துக்கொண்டார். கோளாறு குறைந்தது, ஆனால் முற்றிலும் நீங்கவில்லை. பிறகு, திறன்பேசியை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றினாள் கயல்விழி. சுவர்களைக் கடக்கும்போது இந்த அலை அதிகம் வலுவிழக்கும்; ஆனால் நுண்ணலை அடுப்பு இதைக் குழப்புவதில்லை. இரண்டு மாற்றங்களையும் ஒரே நேரத்தில் செய்திருந்தால், எது எவ்வளவு பயன் தந்தது என்பது தெரிந்திருக்காது.

ஆறாவது பதிவை அவள் மீண்டும் படித்தாள். அன்று பெரிய காணொளி ஒன்றைப் பதிவேற்றி, இணைப்பைத் திணறடித்தது அவளேதான்! முகிலன் விளையாடிய நேரங்களில் அழைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை.

அன்றிரவு அடுப்பு இயங்கிக்கொண்டிருந்தது. பாட்டியின் முகமும் திரையில் தெளிவாகத் தெரிந்தது.

“பாட்டி, கொஞ்சம் இருங்கள். முதலில் தம்பியிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும்,” என்றாள் கயல்விழி.