பூங்காவுக்கு விட்ட இடம்

கோவையில் எந்தப் பழைய மனைப்பிரிவுக்குள் போய்க் கேட்டாலும் 'ரிசர்வ் சைட்' என்றால் என்னவென்று சொல்லிவிடுவார்கள். மனை போட்டவர் அங்கீகாரம் வாங்கும்போது பூங்காவுக்கும் விளையாட்டிடத்துக்குமாக ஒதுக்கிக் காட்டிய பொது இடம் அது. அந்த இடம் எந்த சர்வே எண்ணில் வருகிறது, இன்றைக்குப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று அதே ஆட்களிடம் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. எங்கள் நகரிலும் யாருக்கும் தெரியாது. வேம்பும் புங்கனும் நிற்கிற, பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற, விடிகாலையில் மயில் வந்து போகிற ஏறக்குறைய ஒரு ஏக்கர் இடம். அதில் வேலிக்கல் நட ஆள் வந்த பிறகுதான் காகிதங்களைத் தேட ஆரம்பித்தோம்.

வந்தவர்கள் சண்டைக்கு வரவில்லை. "எங்க இடமுங்க, பத்திரம் இருக்குதுங்க" என்று நகலைக் காட்டினார்கள். கீழே கடைகள், மேலே மண்டபம் கட்டப்போகிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. அந்தப் பத்திரம் போலி இல்லை, முறையாகப் பதிவானது. இப்படி ஒரு போராட்டத்தில் இறங்குகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, பொது இடத்துக்குப் பதிவான பத்திரம் எப்படி வந்தது என்பதைத்தான்.

மனை போட்டவர் பூங்கா இடத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கிறார். அதை வாங்கிக்கொண்ட பேரூராட்சி, வருவாய்த் துறையில் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றாமல் விட்டுவிடுகிறது. 2011-ல் கோவை மாநகராட்சி விரிந்து 100 வார்டுகள் ஆனபோது சுற்றியிருந்த நகராட்சிகளும் பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. கோப்புகள் இடம் மாறின, சில மாறும்போதே காணாமல் போயின. தாலுகா அலுவலகப் பதிவேட்டில் மட்டும் பழைய நிலக்காரர் பெயர் அப்படியே நின்றது. அவர் காலமான பிறகு வாரிசுகள் தங்கள் பெயருக்குப் பட்டா வாங்கி விற்றார்கள். எங்கள் இடம் இப்படித்தான் கைமாறியிருந்தது. ஆள் மாறுமே தவிர, வேறு நகர்களிலிருந்து வந்து எங்களிடம் யோசனை கேட்டவர்கள் சொன்னதும் இதே கதைதான்.

ஆகவே முதல் வேலை, அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தைக் கண்டுபிடிப்பது. அலுவலகத்துக்கு ஓடுவதற்கு முன்னால் தெருவில் முதலில் மனை வாங்கிய வயதானவர்களின் வீட்டுக்குப் போங்கள். அந்தக் காலத்தில் மனைப் பத்திரத்தோடு நீல நிற வரைபட நகல் ஒன்றும் கொடுப்பது வழக்கம். எங்களுக்கு அது மூன்றாவது வீதிப் பெரியம்மா ஒருவரின் பீரோவில், கிரயப் பத்திரத்தோடு மடித்து வைத்திருந்ததில் கிடைத்தது. மனை எண்கள், சாலை அகலம், பூங்கா என்று குறித்த கட்டம், ஓரத்தில் ஒப்புதல் எண், தேதி, முத்திரை எல்லாம் தெளிவாக இருந்தன. அந்த ஒப்புதல் எண் கைக்கு வந்ததும் எந்த அலுவலகத்திலும் எங்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப முடியவில்லை.

அடுத்தது வில்லங்கச் சான்று. பதிவுத் துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். ஆனால் சர்வே எண் உட்பிரிவு ஆகியிருக்கும். இன்றைய உட்பிரிவு எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் வாரிசுகளின் விற்பனை தெரியும், தானப் பத்திரம் தெரியாது. பழைய தாய் எண்ணைப் போட்டு, மனை அங்கீகாரம் ஆன ஆண்டுக்குச் சற்று முன்பிருந்து தேட வேண்டும். எங்கள் தானப் பத்திரம் அப்படித்தான் வெளியே வந்தது. அதன் சான்றிட்ட நகலை வாங்கிக் கையில் வைத்த அன்றைக்கு எங்கள் சங்கத்தில் இருந்த பயம் பாதி போய்விட்டது. 'அ' பதிவேடு, பட்டா, புலப்பட நகல் மூன்றையும் வருவாய்த் துறையின் இணைய சேவையில் எடுத்துக்கொள்ளலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பெரும்பாலானவர்கள் சோர்ந்துபோகிற இடம் அது. 'ஆக்கிரமிப்பை ஏன் அகற்றவில்லை?' என்று கேட்டால், 'விளக்கம் கேட்பது தகவல் ஆகாது' என்று ஒரே வரியில் பதில் வரும். இன்ன எண்ணுள்ள ஒப்புதல் ஆணையின் நகல், இன்ன பத்திரத்தின்படி ஒப்படைக்கப்பட்ட இடத்துக்கான சொத்துப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல் என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் சட்டம் உரிமை தருகிறது, அதையும் அதே மனுவில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ பதில் சரியில்லை என்றாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். ஒரே ஆவணத்தை மாநகராட்சி, உள்ளூர் திட்டக் குழுமம், தாலுகா அலுவலகம் என்று எல்லா இடத்திலும் கேட்க வேண்டும். ஒருவர் 'கோப்பு கிடைக்கவில்லை' என்று எழுதுவார், இன்னொருவர் முழுக் கோப்பையும் நகலெடுத்துத் தருவார். 'கிடைக்கவில்லை' என்ற பதிலையும் பத்திரமாக வையுங்கள். பொதுச் சொத்தை ஓர் அலுவலகம் எப்படிப் பராமரித்தது என்பதற்கு அது அவர்களே கையெழுத்துப் போட்ட சான்று.

அதிகாரிகளிடம் எதைப் பேசுவது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. இளைஞர்கள் மரங்களைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் படத்தோடு எழுதிக்கொண்டு வந்தார்கள். மழைநீர் அந்த இடத்தில் நின்று இறங்குவதால்தான் சுற்றியிருக்கிற கிணறுகளில் தண்ணீர் நிற்கிறது என்பதும் உண்மை. அதெல்லாம் ஊரைத் திரட்டியது, பத்திரிகைக்காரர்களை வரவைத்தது. ஆனால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்ப்பு நாளில் மேசைக்கு முன்னால் நிற்கிற ஓரிரு நிமிடத்தில் அதைப் பேசினால் 'பார்க்கிறோம்' என்பதோடு முடிந்துவிடும். அங்கே பேச வேண்டியது ஒப்புதல் எண், தானப் பத்திர எண், சர்வே எண், பட்டா எப்படித் தவறாக மாறியது, அதை ரத்து செய்ய யாருக்கு அதிகாரம் என்பது. ஒரு பக்கத்துக்கு மேல் மனு போகக் கூடாது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது. பட்டாவை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு உண்டு. கூடவே சார்பதிவாளருக்கும் தானப் பத்திர நகலோடு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். உள்ளாட்சிச் சொத்தை வேறு யாரோ விற்கிற பத்திரத்தைப் பதிய மறுக்க, பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. இடம் மேலும் பல கைகளுக்குப் போய்ச் சிக்கலாகாமல் இருக்க இதைச் சீக்கிரமே செய்ய வேண்டும்.

இதற்கு நடுவில் எங்களுக்குத் தெரியாமலேயே ஒரு சிவில் வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. இடத்தை வாங்கியவர், மாநகராட்சி உள்ளே வரக் கூடாது என்று தடை கேட்டுப் போட்டது. பொது இடங்கள் இந்த வழியில்தான் அதிகம் போகின்றன என்பது என் எண்ணம். பதிலுரை தாக்கல் செய்ய யாரும் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். பிறகு அந்தத் தீர்ப்பே உரிமை ஆவணம் போலச் சுற்றி வரும். நீதிமன்றங்களின் இணையதளத்தில் கட்சிக்காரர் பெயரைப் போட்டு வழக்கைத் தேடலாம். நாங்கள் அப்படித் தேடிக் கண்டுபிடித்து, குடியிருப்போர் சங்கத்தையும் ஒரு தரப்பாகச் சேர்க்கச் சொல்லி இம்ப்ளீட் மனு போட்டோம். வழக்கு வரப்போகிறது என்று முன்பே தெரிந்தால், எங்களைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று கேவியட் போட்டுவிடலாம். அது 90 நாள் செல்லும், பிறகு புதிதாகப் போட வேண்டும்.

'உங்களுக்கு இந்த இடத்தில் என்ன உரிமை?' என்ற கேள்வி நீதிமன்றத்தில் கண்டிப்பாக வரும். அதற்கான பதில் 1991-லேயே உச்ச நீதிமன்றத்தில் கிடைத்துவிட்டது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்ட ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பகுதிக் குடியிருப்பாளர்கள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். மருத்துவமனையும் மக்களுக்கு நல்லதுதானே என்ற வாதத்தை ஏற்காமல், பூங்கா இடத்தைத் தனியாருக்கு மாற்றியது செல்லாது, அங்கே வசிப்பவர்களுக்கு அதைத் தட்டிக் கேட்க உரிமை உண்டு என்று தீர்ப்பானது. பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கு என்று சொன்னால் வழக்கறிஞர்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 2019 கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒப்படைத்தே ஆக வேண்டும். அந்த 10 சதவீதத்தை மனை போட்டவர் தன் கையிலிருந்து தருவதில்லை. ஒவ்வொரு மனையின் விலையிலும் ஏற்றித்தான் விற்றிருக்கிறார். பூங்கா யார் காசு என்று கேட்டால், சொசைட்டியில் கடன் வாங்கி மனை வாங்கியவர்களின் காசு என்று நான் தயங்காமல் சொல்வேன்.

வெளியாட்களோடு நடந்ததைவிட எங்களுக்குள் நடந்த சண்டைதான் என்னை அதிகம் வருத்தியது. பத்திரம் கிடைக்கும் முன்பே ஒரு பெரியவர், "பிள்ளையாரக் கொண்டாந்து வெச்சரலாம் அம்மிணி. அப்புறம் எவன் கை வெப்பான்?" என்றார். பாதிப் பேர் அவர் பக்கம். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், இடத்துக்காக அலைந்தவர்களில் அவரும் ஒருவர். "ஏனுங்க மாமா, கோயில் வந்தா மேடை வரும், மேடை வந்தா மண்டபம் வரும். அப்புறம் பசங்க எங்க போய் ஆடுவாங்க?" என்று கேட்டேன். பொதுப் பூங்காக்களிலும் சாலைகளிலும் எந்த மதத்தின் பெயராலும் புதிதாக அனுமதியில்லாமல் கட்டக் கூடாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதை எங்கள் வழக்கறிஞர் விளக்கினார். ஒரு செங்கல்லை நாமே வைத்தாலும், நீங்களும் ஆக்கிரமிப்பாளர்கள்தானே என்று எதிர்த்தரப்பு கேட்கும் என்றார். மாமா அதன் பிறகும் சில வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் பட்டாவை எதிர்த்து நாங்கள் செய்த மேல்முறையீட்டில், கோட்டாட்சியர் விசாரணைக்குப் போக வேனில் முதலில் ஏறி உட்கார்ந்தது அவர்தான்.

இடத்தைப் பயன்பாட்டில் வைத்திருப்பதுதான் நாங்கள் கண்ட நல்ல காவல். காலையில் நடக்கிறவர்கள், மாலையில் பையன்கள், ஞாயிற்றுக்கிழமை சீமைக்கருவேலம் வெட்டிச் சுத்தம் செய்கிற பெண்கள் குழு. வாடகைக்கு இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'சொந்த வீட்டுக்காரங்க விவகாரம்' என்று ஒதுங்கி நின்ற அவர்களின் பிள்ளைகள்தான் அங்கே அதிகம் ஆடுகிறார்கள். எல்லாக் கட்சிக்காரரையும் அழைத்தோம், யாருடைய கொடியையும் நட விடவில்லை. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைத் தேதியோடு எடுத்துக் கொடுத்தது விசாரணையில் உதவியது. அந்த இடம் எப்போதும் காலியாகவே இருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

இடத்தை வாங்கியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரும் வாரிசுகளை நம்பிப் பணம் கொடுத்தவர். வீட்டுக்கு முன்னால் போய் நின்று கத்த வேண்டும் என்று சிலர் துடித்தார்கள், நாங்கள் தடுத்தோம். பணத்தை விற்றவர்களிடம் கேட்டு வாங்கும் வழி அவருக்கு இருந்தது. தானப் பத்திர நகலை அவருக்கும் ஒன்று அனுப்பி வைத்தோம். பட்டா ரத்தான பிறகு அவர் வழக்கைத் தொடர்ந்து நடத்தவில்லை.

இப்போது பட்டா மாநகராட்சியின் பெயரில் இருக்கிறது. கம்பி வேலியும் அறிவிப்புப் பலகையும் வந்துவிட்டன. அடுத்து பூங்கா அமைக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். எட்டு வடிவ நடைபாதை, உடற்பயிற்சிக் கருவிகள், சுற்றிலும் சிமென்ட் கல் தளம். நடைபாதை வேண்டும், முதியவர்கள் கேட்கிறார்கள். ஆனால் வரைபடத்தில் பார்த்தால் மண் தரை கால்வாசிகூட மிஞ்சாது போலிருக்கிறது, இரண்டு வேம்பும் போகும். தளத்தைக் குறைத்து, பாதியையாவது மண்ணாகவே விட்டு, மரங்களைச் சுற்றிப் பாதையை வளைக்கச் சொல்லி மாற்று வரைபடம் ஒன்றை எங்கள் தெரு சிவில் இன்ஜினியர் பெண் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பகுதி சபைக் கூட்டத்தில் அதை வைத்துத் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். டெண்டர் விடுவதற்குள் முடிவாக வேண்டும் என்பதால் இந்த வாரம் மண்டல அலுவலகத்துக்குப் போகிறோம், மாமாவும் வருகிறார்.