வீட்டுப் பிள்ளையின் கூலியும் சாகுபடிச் செலவே

காரைக்கால் கோவில்பத்தில் உள்ள பார்வதீசுவரர் கோயில் பாடல் பெற்ற தலம். சிவபெருமான் உழவராக வந்து விதை தெளித்ததால் திருத்தெளிச்சேரி எனப் பெயர் பெற்றது என்பது தலவரலாறு. அவருக்குக் கூலி யார் கொடுத்தார் என்று எவரும் கேட்பதில்லை. வயலில் இறங்கும் சொந்தப் பிள்ளைகளுக்கும் நம் விவசாயிகள் பலர் இதே கணக்குத்தான் வைத்திருக்கிறார்கள்.

கடைமடைப் பகுதியில் இரவில் மடை பார்ப்பது, வரப்பு வெட்டுவது, மேலுரம் இடுவது, ஐப்பசி மழைநீரை வடிப்பது, அறுவடைக்கு ஏழெட்டு நாள் முன்பு உளுந்து, பயறு தெளிப்பது ஆகிய வேலைகள் பெரும்பாலும் வீட்டு ஆட்கள் தலையில் விழுகின்றன. நோட்டில் ஏறுவதோ வெளியாள் கூலி மட்டுமே.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஓர் ஏக்கர் சம்பாவுக்கு ரொக்கச் செலவு 24,000 ரூபாய், நெல் விற்ற வரவு 36,000 ரூபாய் என்று கொள்வோம். இலாபம் 12,000 எனத் தோன்றும். மகன் 14 நாள், மகள் 8 நாள் உழைத்திருந்தால், நாளுக்கு 500 வீதம் 11,000 ரூபாய் ஆகிறது. மிஞ்சுவது 1,000. தகப்பனாரின் உழைப்பும் நிலத்தின் வாரமும் இன்னும் சேரவில்லை! விளக்கத்துக்கான எண்களே இவை. அவரவர் ஊர்க் கூலியைப் போட்டுப் பார்க்கவும்.

மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் குடும்ப உழைப்புக்கு மதிப்புப் போட்டுச் செலவில் சேர்க்கிறது. குறைந்தபட்ச ஆதரவு விலை உற்பத்திச் செலவைப் போல் ஒன்றரை மடங்கு இருக்கும் என 2018-19 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டபோது, ரொக்கச் செலவோடு குடும்ப உழைப்பும் சேர்ந்த தொகையே அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. அரசு எழுதும் கூலியை வீட்டில் எழுதாமல் விடுவானேன்?

"சாப்பாடு போடுகிறோமே" என்பார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணனும் ஊருக்கு வந்தால் அதே சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறார். பாகப்பிரிவினையில் பங்கு பிறப்பைப் பார்த்து வருகிறது, உழைப்பைப் பார்த்து வருவதில்லை. 2005-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு. பத்து வருடம் மடை காத்த பிள்ளைக்கு, அவ்வப்போது கைக்கு வந்த கூலியைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

தேதி, வயல், வேலை, முழு நாளா அரை நாளா என்று அன்றன்றே குறிக்க வேண்டும். நெல் விற்ற பணம் வந்ததும் பிள்ளையின் வங்கிக் கணக்கில் செலுத்திவிடலாம். மகளுக்குக் குறைத்துப் போடக் கூடாது.

14 வயது நிரம்பாத பிள்ளைக்கு இது பொருந்தாது. 2016-ம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, அவர்கள் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத்துக்குக் கைகொடுக்கலாமே தவிர, கூலிக்கு அமர்த்தக் கூடாது. 18 வயது வரை பூச்சிமருந்துத் தெளிப்பானைத் தொடவே விடாதீர்கள்.

விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லையாதலால், பிள்ளைக்குக் கூலி கொடுப்பதால் வரி மிச்சம் ஏதுமில்லை. உரக்கடையோ அரைவை மில்லோ வைத்திருப்பவர்கள் அங்கு உண்மையாக வேலை செய்யும், வயது வந்த பிள்ளையின் சம்பளத்தைச் செலவாகக் காட்டலாம். வெளியாளுக்குக் கொடுப்பதை விட அதிகமாகக் காட்டினால் அதிகப்படித் தொகை தள்ளப்படும்.

புதுக் கணக்கைக் குறுவை நாற்றங்கால் போடும் நாளிலிருந்து தொடங்குவது வசதி.