எந்த அறிவுரைக்குக் காசு கொடுக்கலாம்?

மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் போன்ற இடங்களில் இருக்கும் புத்தகக் கடைகளில் டிஎன்பிஎஸ்சி கையேடுகளுக்குப் பக்கத்திலேயே தன்னம்பிக்கை நூல்களையும் அடுக்கியிருப்பார்கள். வேலை தேடும் பிள்ளைகளும், அவர்களுக்கு உத்வேகம் வரட்டும் என்று நினைக்கும் பெற்றோரும் பெரும்பாலும் கை வைப்பது, கோட்டு சூட்டுப் போட்ட கோடீஸ்வரர் சிரிக்கும் அட்டையில்தான். பார்க்க வருத்தமாக இருக்கிறது. கணக்கு எழுத, ஆங்கிலம் பேச, நேரத்தைத் திட்டமிடச் சொல்லித்தரும் நூல்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தேவையானதை வாங்கிப் பழகினால் பலன் உண்டு. எச்சரிக்கை வேண்டியது 'ஜெயித்தவர் சொன்ன ரகசியம்' என்ற வகைக்குத்தான்.

அந்த வகையின் கோளாறு அதன் கணக்கிலேயே இருக்கிறது. ஜெயித்த பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் 'விடாப்பிடியாக நின்றேன்' என்பார்கள். அதே விடாப்பிடியோடு நின்று கடனில் மூழ்கியவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. ஆராய்ச்சி என்ற பெயரில் வந்தாலும் இந்த ஓட்டை அடைபடுவதில்லை. ஜிம் காலின்ஸ் 2001இல் வெளியிட்ட 'குட் டு கிரேட்' நூல் 11 நிறுவனங்களைப் பொறுக்கியெடுத்து அவற்றின் குணங்களைப் பாடமாக வைத்தது. அவற்றில் ஒன்றான சர்க்யூட் சிட்டி 2008இல் திவால் மனு கொடுத்தது. இன்னொன்றான ஃபேனி மேயை அதே ஆண்டு அமெரிக்க அரசு தன் பொறுப்பில் எடுக்க வேண்டியதாயிற்று. ஒருவருக்குப் பலித்தது இன்னொருவருக்குப் பலிக்காது என்பதற்கு அவ்வளவு தூரம் போவானேன், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டையே பார்க்கலாம். விடியுமுன் பறித்த மல்லிகை, மொட்டாக இருக்கும்வரைதான் விலை பேசும்; நேரம் ஏற ஏற இறக்கித்தான் விற்றாக வேண்டும். அந்த வியாபாரி 'கடைசிவரை விட்டுக்கொடுக்காதே' என்பதைக் கேட்டு நடந்தால் கூடை அப்படியே வாடிப்போகும். மிளகாய் வற்றல் மூட்டையை குடோனில் வைத்திருப்பவருக்கு அதே வாக்கியம் லாபம் தரலாம். வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். இந்த நூல்கள் மூன்றையும் கழற்றிவிட்டு முயற்சியை மட்டும் விற்கின்றன.

'சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்கு ஊக்கமாவது கிடைக்குமே' என்று பெற்றோர் கேட்கலாம். கிடைக்கும். ஆனால் அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கனும் சக ஆய்வாளரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல வேலையில் இருப்பதாக இனிக்க இனிக்கக் கற்பனை செய்த பட்டதாரிகள் குறைவான விண்ணப்பங்களே போட்டிருந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அவர்களுடைய சம்பளமும் குறைவாகவே இருந்தது.

வெற்றிக் கதையே கூடாதா என்றால், மதுரை அண்ணா நகரில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையின் கதையை அவசியம் படியுங்கள். ஆனால் அதைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி பெரிதாகக் கனவு கண்டார் என்பதோடு மூடிவைத்தால் ஒன்றும் தேறாது. அறுவை அறையில் அடுத்தடுத்து மேஜைகள் இருக்கும். ஒருவருக்கு முடித்ததும் மருத்துவர் நுண்ணோக்கியோடு அடுத்த மேஜைக்குத் திரும்புவார், அங்கே நோயாளி தயாராகப் படுத்திருப்பார். தயார்ப்படுத்தும் வேலையெல்லாம் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களுடையது. எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். 1992இல் அரவிந்த் தொடங்கிய லைக்கோ பயிற்சி நிறுவனம் வழியாக வேறு ஊர், வேறு நாட்டு மருத்துவமனைகளும் இந்த முறையைக் கற்றுக்கொண்டன. ஓர் அறிவுரை, சொன்னவர் கையைவிட்டுப் போன பிறகும் வேலை செய்கிறதா என்பதுதான் என் அளவுகோல்.

அப்படிப்பட்ட அறிவுரை கிடைத்தாலும் உடனே பலனை எதிர்பார்க்க வேண்டாம். பிள்ளையின் நாட்டம் எதில் என்று தெரியவே நாளாகும். தெரிந்த பிறகு கை பழக இன்னும் நாளாகும். மூட்டுவாதத்தால் வளைந்த விரல்களோடு அறுவைசிகிச்சை பழகிய வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 1976இல் 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 58. இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள். கடையில் நிற்கும்போது அட்டையை விட்டுவிட்டு நடுப்பக்கத்தைப் புரட்டுங்கள். வருகிற திங்கட்கிழமை செய்து பார்க்க ஒரு வேலைகூட அதில் இல்லையென்றால், புத்தகத்தை அடுக்கிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறுங்கள்.